ஈஸ்ட்லியின் சீட்டுப் பணம்

கென்யத் தலைநகர் நைரோபியின் கிழக்கே ஈஸ்ட்லி என்றொரு வட்டாரம். வெள்ளைக்காரன் காலத்தில் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் நிறைந்திருந்த பகுதி. இன்று சோமாலியத் தலைநகரின் பெயரால் ‘குட்டி மொகதிசு’ என்கிறார்கள். துபாயிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் துணிமணியும் செல்போனும் அடுக்குமாடி வளாகங்களில் மலையாகக் குவிந்து கிடக்க, அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்துகூடச் சில்லறை வியாபாரிகள் கொள்முதலுக்கு வருகிறார்கள். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு லாட்ஜ்.

1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து சோமாலியா சிதறியது. லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். கென்ய அரசு அவர்களை எல்லையோரத்து வறண்ட பூமியான தாதாபிலும், அடுத்த ஆண்டு வடமேற்கே காகுமாவிலும் முகாம் போட்டு வைத்தது. கையில் கொஞ்சம் சரக்கோ சொந்தக்காரர் முகவரியோ இருந்தவர்கள் நைரோபிக்குப் பஸ் ஏறினார்கள். ஈஸ்ட்லியில் கரிஸ்ஸா லாட்ஜ் என்ற விடுதியில் அறை எடுத்தவர்கள், கட்டிலுக்கு அடியில் மூட்டையை வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே வியாபாரம் தொடங்கினார்கள். பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. கொஞ்ச காலத்தில் தங்குவதற்கு ஆளில்லாமல் அறைகள் எல்லாம் கடைகளாகிவிட்டன. ஈஸ்ட்லியின் முதல் வணிக வளாகம் அதுதான்.

அகதி என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது கூடாரமும் ரேஷன் வரிசையும். ஆனால் உலக அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்று நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையமே 2009-இல்தான், நகரமும் அகதிகள் வாழத் தகுந்த இடம் என்று ஒப்புக்கொண்டு ஒரு கொள்கையை வெளியிட்டது. நைரோபியில் பதிவு செய்துகொண்ட அகதிகள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். சோமாலிகள் அல்லாமல் எத்தியோப்பியாவின் ஒரோமோக்கள், காங்கோக்காரர்கள், புருண்டிக்காரர்கள், தெற்கு சூடானியர் எல்லோரும் இதில் அடக்கம். முகாமை விட்டு வந்தவருக்கு ரேஷன் கிடையாது. வாடகை, அரிசி, மருந்து, பள்ளிச் செலவு எல்லாம் அவரவர் பாடு. பிறகு எப்படிப் பிழைக்கிறார்கள்?

ஈஸ்ட்லியில் பெண்கள் பிடிக்கும் சீட்டுக்கு ‘அயூத்தோ’ என்று பெயர். பதினைந்து பேர், ஆளுக்கு வாரம் ஆயிரம் ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். சேரும் பதினைந்தாயிரமும் ஒவ்வொரு வாரமும் ஒருத்திக்குப் போகும். நம்மூர்க் குலுக்குச் சீட்டேதான். ஏலம் இல்லை, தள்ளு இல்லை, வட்டி மார்க்கத்துக்கு விரோதம் என்பதால் அந்தப் பேச்சே இல்லை. கணக்கு வைத்திருப்பவள் எல்லோருக்கும் நம்பிக்கையான ஒரு மூத்த பெண்மணி. யாருக்கு எப்போது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தாலும், ஒருத்திக்குப் பிரசவம் நெருங்கினாலோ, வீட்டுக்காரன் சாமானை வெளியே எறியப்போவதாக மிரட்டினாலோ, முறையை மாற்றிக் கொடுப்பார்கள். வங்கியில் இந்தப் பெண்களுக்குக் கணக்குத் தொடங்குவதே பெரும்பாடு. அடமானம் கேட்காத, கையெழுத்துக் கேட்காத இந்தச் சீட்டுதான் அவர்களுடைய முதலீட்டு நிறுவனம், காப்பீடு எல்லாம்.

முறைப்பணம் வந்ததும் என்ன செய்வாள்? பெரும்பாலும் சரக்கு. அதற்கும் முழுப்பணம் தேவையில்லை. வளாகத்துக்குள் இருக்கும் மொத்தக் கடைக்காரர் தெரிந்தவராகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால், காலையில் நாலு மூட்டைத் துணியைக் கடனாகக் கொடுப்பார். அவள் அதை அந்தக் கடை வாசலிலேயே நடைபாதையில் விரித்து விற்பாள். சாயங்காலம் அசலைக் கொடுத்துவிட்டு லாபத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்காமல் ஒருவர் மறைந்தால், அது அவரோடு போகாது. அவருக்காகப் பேசியவர், அவருடைய குலத்துப் பெரியவர் வரை பதில் சொல்லியாக வேண்டும். பத்திரத்தைவிட இது கெட்டி.

மரணம், விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் வசூல் கிளம்பும். ‘காரான்’ என்று சொல்லப்படும் இந்தக் குலவரி நைரோபியோடு நிற்பதில்லை. மினியாபொலிசிலும் லண்டனிலும் வேலை பார்க்கும் மச்சான்கள் வரைக்கும் போகும். அங்கிருந்து பணம் ஹவாலா வழியாக ஈஸ்ட்லி வந்து சேரும். ஈழத்தமிழர் வீடுகளில் ‘உண்டியல்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் கென்யாவின் கரிஸ்ஸா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சோமாலியத் தீவிரவாத அமைப்பான அல்-ஷபாப் 148 பேரைக் கொன்ற பிறகு, கென்ய அரசு 13 சோமாலிப் பண அனுப்பு நிறுவனங்களுக்குப் பூட்டுப் போட்டது. ஜூனில் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் அடைபட்டது மாத வாடகையும் மருந்தும்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘பாருங்கள், இவர்களுக்கு யார் தயவும் வேண்டாம்’ என்று புகழ்கிறவர்கள் உண்டு. தொண்டு நிறுவன அறிக்கைகளில் இந்தப் புகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு அதில் சம்மதமில்லை. இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கும் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் கடை கட்டி வீட்டுக்கு நடக்கும் நேரம். ‘கிபாண்டே’ எங்கே என்று போலீஸ்காரர் கேட்பார். அடையாள அட்டைக்கு அங்கே அதுதான் பெயர். அகதி அட்டையை நீட்டினால், இது செல்லாது, காலாவதி, முகாமில் இருக்க வேண்டியவன் இங்கே என்ன செய்கிறாய் என்று ஏதாவது ஒன்று. அட்டை அவருடைய சட்டைப் பைக்குள் போய்விடும். பிறகு லாரி. ஸ்டேஷனுக்குப் போகாமல் தெருத்தெருவாகச் சுற்றும். உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் செய்வார்கள். யாராவது பணத்தோடு ஓடிவருவார்கள். ஈஸ்ட்லியைப் போலீஸ்காரர்களின் ஏடிஎம் என்று அங்குள்ளவர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். 2012 நவம்பரில் ஒரு மினிபஸ்ஸில் குண்டு வெடித்ததற்குப் பிறகு பத்து வாரம் நடந்த அடி, உதை, வசூல் வேட்டையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஓர் அறிக்கையாகவே பதிவு செய்திருக்கிறது. சீட்டு எடுத்தவளின் முறைப்பணமும் இப்படி லாரிக்குள் போனது உண்டு.

அந்த டிசம்பரிலேயே நகரத்து அகதிகள் அத்தனை பேரும் முகாமுக்குப் போக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. கிட்டுவோ சா ஷேரியா என்ற சட்ட உதவி அமைப்பும் அகதிகள் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2013 ஜூலையில் நீதிபதி டேவிட் மஜாஞ்சா உத்தரவை ரத்து செய்தார். நடமாடும் உரிமையும் மனித கண்ணியமும் அகதிக்கும் உண்டு என்றார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 2014 மார்ச்சில் மறுபடியும் அதே உத்தரவு. ஏப்ரலில் ‘உசலாமா வாட்ச்’ என்ற பெயரில் நடந்த போலீஸ் வேட்டையில் சுமார் 4,000 பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். பலரை அடைத்து வைத்து விசாரித்த இடம் கசரானி விளையாட்டரங்கம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுக் கடைக்குப் போன தாய்மார்களும் அதில் சிக்கினார்கள். காரான் வசூல் அந்த மாதம் ஜாமீனுக்கும் லஞ்சத்துக்குமே சரியாகப் போயிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. குலத்தின் கை குலத்துக்குத்தான் நீளும். சிறுபான்மைக் குலத்தார், தனியாக வந்த பெண்கள், குடும்பத்தோடு சண்டையிட்டுப் பிரிந்தவர்கள் ஆகியோருக்குச் சீட்டில் இடம் கிடைப்பதே கஷ்டம். பின்னால் நின்று பேச ஆள் வேண்டுமே! மேற்கே கவங்வாரே பக்கம் குடியிருக்கும் காங்கோக்காரர்களுக்கு இப்படியொரு சந்தையே கிடையாது. கிடெங்கே துணியைத் தோளில் போட்டு வீடு வீடாக விற்கிறார்கள், முடி பின்னுகிறார்கள், தைக்கிறார்கள். சுவாஹிலி தெரியும், ஆனால் வாயைத் திறந்ததும் காங்கோ வாடை காட்டிக்கொடுத்துவிடும். புருண்டி இளைஞர்கள் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு தெருவில் அலைகிறார்கள். இவர்களுக்குக் குலத்துக்குப் பதில் சர்ச். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகுதான் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற பேச்சே வரும். துணையில்லாமல் வந்து சேர்ந்த இளம்பெண்களுக்கென்று 2008-இல் தொடங்கிய ரெஃப்யூஷீ போன்ற சில அமைப்புகள் தங்க இடமும் படிப்பும் கைத்தொழிலும் தருகின்றன. தேவையோடு வைத்துப் பார்த்தால் கைப்பிடி அளவு.

கென்யாவில் பெட்டிக்கடைக்குக்கூட இன்று எம்-பெசா வேண்டும். 2007-இல் வந்த இந்தச் செல்போன் பணமில்லாமல் வாடகைகூடக் கொடுக்க முடியாது. சிம் கார்டுக்கு அடையாள அட்டை வேண்டும். அகதி அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அதனால் பக்கத்து வீட்டுக் கென்யர் பெயரில் சிம் எடுக்கிறார்கள். உழைத்த பணமெல்லாம் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. கடை உரிமமும் பல சமயம் அப்படியே. அவர் நல்லவராக இருக்கும்வரை சிக்கலில்லை. கெட்டவராகிவிட்டால் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்க முடியுமா என்ன?

2021-இல் புதிய அகதிகள் சட்டம் வந்தது. வேலை செய்யும் உரிமை அதில் எழுத்தில் இருக்கிறது. அகதிகளுக்கான ‘எம்’ வகை வேலை அனுமதிக்குக் கட்டணம்கூட இல்லை, ஆனால் அது கைக்குக் கிடைத்தவர்கள் சொற்பம். 2025 மார்ச்சில் அதிபர் ரூட்டோ தொடங்கிவைத்த ‘ஷிரிகா’ திட்டமோ, தாதாபையும் காகுமாவையும் நகராட்சிகளாக்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அதே ஆண்டு முகாம்களில் ரேஷன் வெட்டப்பட்டது. வயிறு காய்ந்தவர்கள் நைரோபிக்குத்தான் வருவார்கள். வருகிறவர்களுக்கு முதல் மாத வாடகையை ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்தான் கட்டப்போகிறார்கள். அந்தச் செலவு எந்த அரசின் பட்ஜெட்டிலும் இல்லை.