சேவல் வயிற்றில் அகரவரிசை

கதவைச் சாத்திவிட்டு மெதுவாக வாருங்கள், பெயிண்ட் இன்னும் காயவில்லை!

தில்லியின் போகல் பகுதியில் தோழி வீட்டு மொட்டைமாடி இது. கொடிக்கயிறு முழுக்கத் தொங்குகிற வேட்டித் துண்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடியிருப்பில் வாழ்ந்த பிள்ளைகளுக்காக நாங்கள் செய்துகொண்டிருக்கும் படப்புத்தகம். இதில் வருகிறவர்கள் யார் தெரியுமா? எட்ருஸ்கர்கள்! ரோமாபுரி பெரிய சாம்ராஜ்யம் ஆவதற்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில் நகரங்கள் எழுப்பி வாழ்ந்தவர்கள்.

கீழடி இருக்கும்போது இத்தாலி எதற்கு என்கிறீர்களா? கீழடியும் இருக்கிறது, அதே பக்கங்களில்! கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தது. எட்ருஸ்க நகரங்கள் செழித்திருந்த காலமும் அதுதான். வைகைக் கரையிலும் எட்ருஸ்க நகரமான தர்க்வினியாவிலும் ஒரே நூற்றாண்டில் பிள்ளைகள் தெருவில் ஓடியிருக்கிறார்கள். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

முதல் பக்கத்தைப் பாருங்கள். கன்னங்கரேலென்று ஒரு சேவல். அசல், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 650-க்கும் 600-க்கும் இடைப்பட்ட மண்பாண்டம், உயரம் பத்து சென்டிமீட்டர்தான். தலையைக் கழற்றினால் அதுதான் மூடி! மை வைக்கும் கூடாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். வயிற்றைச் சுற்றி 26 எழுத்துகள் கீறியிருக்கின்றன, ஒரு முழு அகரவரிசை. எங்கள் வேட்டிச் சேவலின் தலையை வெல்க்ரோ வைத்துத் தைத்திருக்கிறோம். "அக்கா, இந்த முர்காவுக்கு வயித்துல ஹோம்வொர்க்கா!" என்று ஒரு பையன் கத்தினான். அன்று முழுக்கத் தலை கழன்று கழன்று ஒட்டியதில் வெல்க்ரோவை மாற்ற வேண்டியதாயிற்று.

எட்ருஸ்கர்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். இதை எப்படி விளக்குவது என்று நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு சிறுமி சொன்னாள்: "நிஜாமுதீன் போர்டு மாதிரி!" உருதுப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த கண். விளக்கக் குறிப்பை அப்போதே அடித்துவிட்டோம்.

மதராசி கேம்ப் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்தது. பிழைப்புத் தேடி தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த வீடுகளை இடித்தார்கள். நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவை என்று பட்டியலில் வந்தவை 189 குடும்பங்கள். ஏறக்குறைய அதே அளவுக் குடும்பங்கள் பட்டியலில் வரவில்லை. நரேலா நகரத்தின் வடகோடி. சிலர் அங்கே போனார்கள், சிலர் இங்கேயே அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஒண்டிக்கொண்டார்கள். ஒரே தெருவில் கோலி ஆடிய பிள்ளைகள் இன்று இரண்டு மூலைகளில்.

அதனால்தான் துணிப் புத்தகம். எட்ருஸ்கர்களும் துணியில் எழுதியவர்கள், தெரியுமா? அவர்களுடைய மொழியில் நமக்குக் கிடைத்த மிக நீளமான எழுத்து, ஒரு லினன் துணிப் புத்தகம். அதை யாரோ எகிப்தில் நீள நீளமாகக் கிழித்து ஒரு மம்மியைச் சுற்றிவிட்டார்கள்! இன்று அது குரோவேஷியாவின் ஜாக்ரெப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 1,200 சொற்களைப் படிக்க முடிகிறது, பொருள் மட்டும் ஓரளவுக்குத்தான் பிடிபட்டிருக்கிறது. காகிதப் புத்தகம் மூட்டை கட்டும்போது கிழியும். இது மடித்தால் பள்ளிக்கூடப் பைக்குள் போய்விடும், அழுக்கானால் அலசிக் காயப்போடலாம்.

எனக்கு உயிரான பக்கம் பானைப் பக்கம். இடது பக்கம் கீழடி ஓடு, அதில் தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று ஆள்களின் பெயர்கள். வலது பக்கம் எட்ருஸ்கப் பாத்திரம். அது வாய் திறந்து பேசும்: நான் லார்த்துடைய பொருள்! பாத்திரமே தன் சொந்தக்காரரைச் சொல்வதாக எழுதுவது அவர்கள் வழக்கம். நடுவில் ஒரு வெற்றுப் பானை வரைந்து, உன் பெயரை எழுது என்று விட்டுவிட்டோம். ராஜா ராணி கதையில் இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பரபரப்பு வந்ததே இல்லை. சோறு தின்ற சட்டியில் பெயர் எழுதிய சாதாரண மனிதர்கள்தான் இவர்களுக்கு நெருக்கம். ஒருத்தி தன் பெயருக்குக் கீழே "மதராசி கேம்ப், ஜங்புரா" என்றும் எழுதினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். அடுத்த பிரதியில் பானையைப் பெரிதாக வரைகிறோம்.

தாயப் பக்கம் இன்னும் அரைகுறை. துஸ்கானியாவில் கிடைத்த பகடைகளில் புள்ளிக்குப் பதில் எண்களின் பெயர்களே எழுதியிருக்கின்றன. கீழடியிலும் யானைத் தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. இரண்டையும் அட்டையில் செய்து பைக்குள் வைத்துத் தைக்க வேண்டும். தர்க்வினியாவின் கல்லறைச் சுவரில் பாறையிலிருந்து கடலில் குதிக்கும் பையனும் வருகிறான். அவனுக்காகப் பக்கம் கீழ்நோக்கி மூன்று மடிப்பு விரியும்!

கடைசிப் பக்கம் நேற்றுதான் முடிந்தது. செர்வெதேரியில் 1881-இல் சுமார் 400 துண்டுகளாகக் கிடைத்து, ஒட்டிச் சேர்த்த சுடுமண் பெட்டியின் படம். அதன் மேல் கணவனும் மனைவியும் விருந்தில் ஒரே மஞ்சத்தில் சாய்ந்து சிரிக்கிறார்கள். பெண்கள் கணவர்களோடு சரிசமமாக விருந்துண்டதைக் கண்டு கிரேக்கர்கள் வாய்பிளந்தார்களாம். வீட்டு வேலை முடிந்து மகளை அழைத்துப்போக வந்த ஓர் அம்மா இந்தப் பக்கத்தின் முன் நின்றுவிட்டார். "அந்தக் காலத்துலயே ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாங்களா? இத மட்டும் ஒரு நாளைக்குக் குடுங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டுத் தர்றேன்." ஓரம் அடிக்காத துணியை அப்படியே சுருட்டிக் கொடுத்துவிட்டோம்.