வெக்கையும் நட்சத்திர ஆமையும்

பண்டத்தரிப்பு அடங்கிய வலிகாமத்தில் வற்றாத ஆறுகள் இல்லை. மாரி மழையைச் சுண்ணாம்புக் கற்பாறை உறிஞ்சிக் கிணறுகளுக்கே தருவதால், சித்திரை வெக்கையில் தரைவாழ் உயிர்களுக்கு மேற்பரப்பில் நீர் அரிதாகிறது. இலங்கையின் உலர் வலயத்துக்குரிய நட்சத்திர ஆமை, சூழலின் வெப்பத்துக்கேற்ப உடல் வெப்பம் மாறுகின்ற, வியர்த்துத் தணிய இயலாத பிராணியாதலால், காலையும் மாலையும் மேய்ந்து நண்பகலில் பற்றை நிழலில் ஒடுங்குகிறது. கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக, அதாவது வெண்களியாக, வெளியேற்றி நீரையும் மிச்சப்படுத்துகிறது. அக்களி மணல்போல் இறுகுவது நீர்க்குறைவின் அறிகுறி.

1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படும் இதனை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் 2019இல் இதனை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. ஆகவே கண்டெடுப்பவர் செய்யத்தக்கது, வனசீவராசிகள் திணைக்களத்தார் வரும்வரை பேணுவதே. சீமெந்து முற்றம் அதற்கு அடுப்புத்தான். வாயில் நுரை தள்ளி எச்சிலால் கழுத்தை நனைக்கும் ஆமை வெப்பத்தாக்கத்தின் விளிம்பில் நிற்பதால், ஐஸ் நீர் ஊற்றாது, நிழலில் ஒரு தட்டையான மண்சட்டியில் தாடைக்கு மேல் ஏறாத அளவு சூடும் சில்லிப்பும் இல்லாத நீர்விட்டு, அருகிலிருந்து கவனித்தபடி கால்மணி நேரம் நிறுத்த வேண்டும். நீந்தத் தெரியாத அதற்கு ஆழமான வாளி ஆகாது.