கப்பல் மீது ஒரு கோடு!

குட்டீஸ்... மழைக்காலத்தில் டிவி செய்தி கேட்டிருப்பீர்கள். ‘எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 1ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்பார்களே... அந்தக் காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல். மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். மீனவர் ஊர்கள் உள்ள இந்தக் கரையில், 2013 முதல் ஒரு பெரிய சரக்குத் துறைமுகமும் இயங்குகிறது.

இங்கு வரும் சரக்குக் கப்பலின் பக்கவாட்டில், நடுப்பகுதியைப் பாருங்கள். ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி போலச் சில கோடுகள்! அலங்காரத்துக்காக வரைந்தது என்று நினைத்து விடாதீர்கள். சரக்கு ஏற ஏற, கப்பல் நீரில் அமிழும். உரிய கோடு தண்ணீருக்குள் மறைந்து விட்டால், அந்தக் கப்பல் புறப்படக் கூடாது!

கோடு பிறந்த கதை

19ம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் சில கப்பல் முதலாளிகள், பழைய கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றினர். மூழ்கினால் அவர்களுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். பாவம், மாலுமிகள்! அந்தக் கப்பல்களுக்கு, ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே பெயர்.

சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி., இதை எதிர்த்துப் பார்லிமென்டில் போராடினார். 1876ல், கப்பல்களில் கோடு வரைய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால், கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை முதலாளிகளே முடிவு செய்யலாமாம்! அந்த ஓட்டையை, 1890ல் வந்த சட்டம் அடைத்தது.

அமைதியான வெப்பக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு அதற்குக் கீழே ஒரு கோடு. சிறிய கப்பல்களில், எல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்று உண்டு. அதன் பெயர், ‘குளிர்கால வட அட்லாண்டிக்!’ அங்கே அலையும், காற்றும் அவ்வளவு மூர்க்கம். அதனால், சுமை குறைவாக இருக்க வேண்டும்.

கருவாடு கட்டிக்கொண்டு...

அந்த மூர்க்கமான கடலில், 1,000 ஆண்டுகளுக்கு முன்பே மரக்கப்பலில் போனவர்கள் வைக்கிங்குகள். திசைகாட்டி கிடையாது. சூரியன், பறவைகள், அலைகளைக் கவனித்தே போனார்கள். சாப்பாட்டுக்கு, குளிர்காற்றில் உலர்த்திய மீன். ஆமாம், நம்ம ஊர் கருவாடு மாதிரிதான்; ஆனால், உப்பு போடாதது! கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில், 1021ல் அவர்கள் மரம் வெட்டியதை, 2021ல் விஞ்ஞானிகள் உறுதி செய்தனர்.

அவர்களது நோர்ஸ் மொழியில், ‘ஹாவமால்’ என்ற அறிவுரைப் பாடல் தொகுப்பு உண்டு. பயணத்துக்கு எடுத்துச் செல்லும் பொருட்களில் சிறந்தது எது என்று அது சொல்கிறது தெரியுமா? வாள் இல்லை, பணமும் இல்லை... நல்ல அறிவு! குளிர்காலம் முழுவதற்கும் எவ்வளவு விறகு வேண்டும் என்று முன்பே கணக்கிடத் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆடை பழசானாலும் வெட்கப்படாதே. சபைக்குப் போகுமுன் குளித்து, சாப்பிட்டு விட்டுப் போ என்கிறது.

நம் வள்ளுவர் மட்டும் சும்மா இருப்பாரா? மயில் இறகு லேசானதுதான்; அதையும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி தாங்காது என்கிறார். கப்பல் கோட்டுக்கு, இதை விடப் பொருத்தமான விளக்கம் உண்டா!

எச்சரிக்கை எட்ட வேண்டும்

சுமை, உணவு, எரிபொருள்... எல்லாம் சரி பார்த்தாலும் இன்னொன்று தேவை. அது, தகவல்! 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, குமரி மாவட்ட மீனவர்கள் பலர், சில நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தனர். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால், அவர்களுக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கை எட்டாமல், பலர் வீடு திரும்பவே இல்லை.

அதனால்தான், நடுக்கடலில் இருக்கும் படகுக்கே, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. தமிழக விசைப்படகுகளிலும் அது பொருத்தப்பட்டுள்ளது.

குட்டீஸ்... நாளை காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பையைத் தேடாதீர்கள். இன்று இரவே டைம்டேபிளைப் பார்த்து அடுக்குங்கள். தேவையில்லாத நோட்டை எடுத்து வெளியே வையுங்கள். உங்கள் முதுகுக்கும் ஒரு கோடு உண்டு!

தெரியுமா உங்களுக்கு?

‘ஹாவமால்’ உள்ள, 13ம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி, பல காலம் டென்மார்க்கில் இருந்தது. 1971ல் ஐஸ்லாந்துக்குத் திருப்பித் தந்தபோது, விமானத்தை நம்பவில்லை. கடற்படைக் கப்பலில் பத்திரமாக அனுப்பினர். பயணத்துக்குப் புத்தி சொன்ன புத்தகமாச்சே!