பூவின் மணம் யாருக்கு?

பூ நமக்காகத்தான் பூக்கிறது என்று இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனாலும் பூவுக்கென்று மாறாத ஒரு ‘சாரம்’ இருப்பதாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் பூ ஒரு உறவு. நிறம், மணம், தேன் எல்லாமே வந்துபோகிற பூச்சியோடு நடந்த நெடுங்காலக் கொடுக்கல் வாங்கலின் தடயங்கள்.

சூரிச் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே கடுகினச் செடி, வெவ்வேறு கூட்டங்கள். ஒன்றில் பம்பிள் தேனீக்கள் மட்டும், இன்னொன்றில் பூக்களை நாடும் ஒருவகை ஈக்கள் மட்டும் மகரந்தம் கடத்தின. 9 தலைமுறைதான். தேனீ வசம் விட்டவை உயரமாயின, மணம் கூடிற்று. ஈ வசம் விட்டவை குட்டையாகி, மணம் குறைந்து, தன் மகரந்தத்தாலேயே விதை வைப்பது அதிகமாயிற்று. ஈ சுமாரான கடத்திதான். செடி ‘முடிவெடுத்தது’ என்று இதை வாசித்துவிடக் கூடாது (நம்மாளுங்க உடனே எழுதிடுவாங்க). செடிக்குச் செடி கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. பூச்சி எதை நாடிப் போச்சோ அதுக்கு விதை கூடுதல். அவ்வளவுதான்.

சரி, பூச்சியே வராமல் போனால்? பாரீஸைச் சுற்றிய வயல்களில் வளரும் காட்டு பான்சி என்ற களைச்செடியில் இதைப் பார்க்கலாம். 20, 30 ஆண்டுகளுக்கு முன் சேகரித்த விதைகளையும் 2021இல் அதே இடங்களில் எடுத்த விதைகளையும் சேர்த்து வளர்த்து ஒப்பிட்டார்கள். 2023இல் முடிவு வெளியாயிற்று. பூ சுமார் 10 சதவீதம் சிறுத்திருக்கிறது, தேன் 20 சதவீதம் குறைந்திருக்கிறது, தன் மகரந்தச் சேர்க்கை கூடியிருக்கிறது. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கு மேல் சரிந்தது என்ற 2017ஆம் ஆண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்றைக்கு அந்தச் செடி பிழைத்துக்கொள்ளும். ஆனால் தனக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து மரபணு வேறுபாடு சுருங்கும். நாளைக்கு நோயோ வறட்சியோ வந்தால் தாக்குப்பிடிக்கச் சரக்கு இருக்காது. தேன் குறையக் குறையப் பூச்சிக்குப் பசி. பூச்சி குறையக் குறைய, தேன் சுரப்பது செடிக்கு வீண்செலவு. நம் துண்டுப்பிரசுரங்கள் பூச்சிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. மருந்தடிப்பை நிறுத்திப் பூச்சிகள் திரும்பி வந்தாலும் அவற்றுக்குத் தேன் வைத்திருந்த பூ அந்த வயலில் இருக்க வேண்டுமே. சுருங்கிப்போன வேறுபாடு வேறொரு வயலிலிருந்தோ, யாரோ எடுத்துவைத்த பழைய விதையிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.