பெரிய இராவணன் கோட்டையின் விளக்கு

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் நின்று நோக்குவார்க்குக் கடல் தென்படாது. வயலும் காடும் மகாவலி நதியுமே அங்கு உண்டு. ஆயினும், அந்நதி முடிவிற் சென்று கலப்பது கொட்டியாரக் குடாக்கடலிலன்றோ? தீவில் வாழ்வோர் எவர்க்கும் கடலின் கதை அயலார் கதையன்று.

நம் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், யால வனத்தை நோக்கியவாறு, கடலினுள் ஒரு பாறைத்தொடர் கிடக்கின்றது. சிங்கள மக்கள் அதனை ‘மகா ராவணா கொட்டுவ’ என்பர். போர்த்துக்கேயர் ஆழமற்ற கடலைக் குறிக்க வழங்கிய சொல்லே ஆங்கிலத்தில் ‘பாசஸ்’ எனத் திரிந்து அதற்குப் பெயராயிற்று.

அப்பாறை உயிர்ப்பலி கொண்டதற்குச் சான்று 1961இல் வெளிப்பட்டது. மைக் வில்சனும் இரு சிறுவர்களும் அங்கு நீர்மூழ்கியபோது, ஔரங்கசீப் காலத்துச் சூரத் நாணயசாலையில் 1702ஐ ஒட்டி அச்சிடப்பெற்ற வெள்ளி ரூபாய்களைக் கண்டனர். அவற்றைச் சுமந்த கப்பலுக்கு வழிகாட்ட அன்று ஒளி இல்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தின் நிலையும் பெரிதும் வேறன்று. எடிஸ்டோன் பாறையில் 1698இல் விளக்கேற்றிய வின்ஸ்டன்லி, 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலில் தம் கோபுரத்தோடு மாண்டார். அடுத்தெழுந்த மரக்கோபுரம் 1755இல் எரிந்தது. கல்லோடு கல்லைக் கொளுவிப் பூட்டும் முறையால் 1759இல் சிமேட்டன் எழுப்பிய கோபுரமே நிலைத்தது. தோல்விகளே அங்கு ஆசிரியராயின.

இலங்கையிலும் முதன்முயற்சி கைகூடவில்லை. அலெக்சாந்தர் கோடன் வகுத்த இரும்புக் கோபுரத் திட்டம் பெரும்பொருளை விழுங்கியும் நிறைவேறாது ஒழிந்தது. பின்னர் டிரினிட்டி ஹவுஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கருங்கற் கோபுரமொன்றை வரைந்தார்; அவர் தம்பி வில்லியம் களத்தில் நின்று கட்டுவித்தார். ஸ்கொத்லாந்தின் டல்பீட்டிக் கருங்கல் கடல் கடந்து வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் பாறையில் கால் வைத்தலும் அரிது; கடல் அமைதியுற்ற மாதங்களிலேயே வேலை நடந்தது. 1873 மார்ச் 10ஆம் நாள், ஏறத்தாழ 37 மீற்றர் உயரமான அக்கோபுரத்தில் முதல் ஒளி பிறந்தது. சிறிய பாசஸ் விளக்கு 1878இல் முடிவுற்றது. அதன் பின்னரே, 1882இல், டக்ளசின் புதிய எடிஸ்டோன் கோபுரம் ஒளிர்ந்தது. இலங்கைக் கடலில் பெற்ற பயிற்சியும் அதற்கு முன்னதாகவே அக்கரங்களில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதனை வெறும் அருட்செயல் எனக் கொள்ளுதல் பிழை. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் கீழ்த்திசை வாணிகம் பெருகிற்று. அவ்வழிச் சென்ற கப்பல்களிடம் விளக்குத் தீர்வையும் பெறப்பட்டது. ஆனால், வாணிகத்துக்காக ஏற்றப்பட்ட விளக்கு வணிகனை மட்டும் தேர்ந்து காக்க இயலாது. மீன்பிடிக்கச் சென்ற ஏழையின் தோணிக்கும் அவ்வொளியே வழி.

2004இன் ஆழிப்பேரலையிலும் அக்கோபுரம் வீழ்ந்திலது. ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லைச் சிலப்பதிகாரத்திலேயே பெற்றுள்ள நம் மாணவர், இப்பாறை விளக்கின் வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். பாறை அங்கிருப்பதை மாலுமிகள் நெடுங்காலம் அறிந்தேயிருந்தனர். அறிந்ததைப் பிறர்க்கு இரவில் காட்டுதற்கே அத்தனை உழைப்பு வேண்டியிருந்தது.