தாடையில் ஊன்றிய பல்வரிசை

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்குச் சற்று அப்பாற் சென்றால் புல்மோட்டைக் கடற்கரையை அடைவோம். அங்குள்ள மணல் கருமை படர்ந்தது. கையில் அள்ளினாற் கனப்பது. இல்மனைற், ரூற்றைல், சிர்க்கோன் என்னும் கனியங்கள் அதனுட் செறிந்திருப்பதே காரணம். இவற்றுள் முதலிரண்டும் தைத்தேனியம் என்ற உலோகத்தைக் கொண்டவை. உலகில் அக்கனியங்களிற் பெரும்பங்கு வெண்ணிறச் சாயம் செய்யவே செலவாகின்றது. சிறு பங்கே உலோகமாகப் பிரித்தெடுக்கப்படுகின்றது. அதனுள்ளும் ஒரு துளியளவே, பல் முழுவதையும் இழந்தவரின் தாடையில் நிலையான பல்வரிசையைத் தாங்கும் ஆணியாகின்றது. அவ்வாணி எவ்வாறு நிற்கின்றது, அதனை நாடுமுன் நாம் ஆராய வேண்டியவை யாவை என்பன பற்றியே இன்று பேசவிருக்கின்றேன்.

பல் விழுந்தால் பல் மட்டுமே போகின்றது என்று எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. மெல்லுந்தோறும் பல்லின் வேர் தாடையென்பை அழுத்துகின்றது. அவ்வழுத்தமே அவ்வென்புக்கு உரம். வேர் நீங்கியதும் என்பு வேலையிழந்து ஆண்டுதோறும் தேய்கின்றது. முதியோர் கன்னம் ஒடுங்குவதும், ஐந்தாண்டுகளுக்கு முன் கச்சிதமாய்ப் பொருந்திய கட்டுப்பல் இன்று பேசும்போதே நழுவுவதும் இதனாலேயே. கட்டுப்பல் முரசின்மேல் அமர்ந்திருப்பது. அதற்கு வேர் இல்லை. இயற்கைப் பல்லின் மெல்லும் வலிமையிற் கால் பங்கைக்கூட அது தருவது அரிது. பொரித்த மீனை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியோடு அமையும் பெரியவர்களை எந்த வீட்டிலும் காணலாம்.

இதற்கு மாற்று வழி பல்லைத் தேடிய ஆய்விற் பிறந்ததன்று. 1952ஆம் ஆண்டளவிற் சுவீடன் தேசத்து லுண்ட் நகரிற் பேர்-இங்வார் பிரேனமார்க் என்னும் ஆய்வாளர், முயலின் காலென்பினுள் இரத்தம் ஓடும் முறையைக் காணத் தைத்தேனியத்தாற் செய்த சிறு கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதனைக் கழற்ற முயன்றார், கழற்ற இயலவில்லை. என்பு உலோகத்தோடு ஒன்றி வளர்ந்திருந்தது! இதனை நாம் என்பிணைவு எனலாம். 1965ஆம் ஆண்டிற் கோத்தன்பர்க் நகரில் ஒருவரின் கீழ்த்தாடையில் நான்கு ஆணிகளை அவர் பொருத்தினார். அம்மனிதர் 2006ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்கு உழைத்தன. ஆயினும் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982ஆம் ஆண்டு ரொறொன்ரோவில் நடந்த மாநாட்டின் பின்னரே பரவலான ஏற்பு உண்டாயிற்று.

பதினான்கு பற்களுக்குப் பதினான்கு ஆணிகள் வேண்டுமா? வேண்டியதில்லை. நம் துறைமுகத்து இறங்குதுறையைப் பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தூண் இல்லை. தக்க இடத்தில் ஊன்றிய சில தூண்களே முழு மேடையையும் தாங்குகின்றன. அவ்வாறே ஒரு தாடைக்கு நான்கு முதல் ஆறு ஆணிகள் அமையும். ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பும் 10 முதல் 15 மில்லிமீற்றர் நீளமும் உள்ளவை அவை. மேல்தாடையின் பின்புறத்திற் காற்றறைகள் இருப்பதால் அங்கே என்பு மெல்லியது. ஆதலாற் பின் ஆணிகளைச் சாய்த்து ஊன்றும் முறையைப் போர்த்துக்கல் மருத்துவர் பவுலோ மாலோ பரப்பினார். துளையிடும்போது உப்புநீர் பாய்ச்சிக் குளிர்விப்பது இன்றியமையாதது. என்பில் 47 பாகை வெப்பம் ஒரு நிமிடம் நிலைத்தாலே அது பழுதுறும். பழுதுற்ற என்பு ஆணியைப் பற்றாது.

“ஒரே நாளிற் பல்” என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அன்று பொருத்துவது தற்காலிக வரிசை. என்பு பற்றிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதங்கள் செல்லும்; அதுவரை மென்மையான உணவே உகந்தது. நிலையான வரிசை அதன் பின்னரே வரும். சிர்க்கோனிலிருந்து பெறும் சிர்க்கோனியாவினாலும் அதனைச் செய்வர். இயற்கைப் பல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உணர்விழைகள் இவ்வாணிக்கு இல்லை. சோற்றிற் கல் இருந்தால் தடுத்து எச்சரிக்கும் உணர்வு குறைவு. தூண்டில் நூலைப் பல்லாற் கடித்து அறுக்கும் பழக்கமுடையோர் அதனை விட்டுவிட வேண்டும்.

நம் பகுதிக்குரிய தடை ஒன்றுண்டு, அது வெற்றிலை. பாக்கைத் தனித்தும் புற்றுநோய்க் காரணியென 2004ஆம் ஆண்டிற் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நூல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தாற் கேடு மிகும். நெடுங்காலம் பாக்கு மென்றோருக்குக் கன்னத்தசை இறுகி வாய் இரு விரல் அகலமும் திறவாது போவதுண்டு. கருவி நுழையாத வாயில் ஆணி எவ்வாறு நுழையும்? ஆறாத புண்ணோ வெண்படலமோ இருப்பின் ஆணியைப் பற்றிய பேச்சே பின்னர், முதலிற் பரிசோதனை. கட்டுப்படாத நீரிழிவும் புகைபிடித்தலும் ஆணியைச் சூழ்ந்த என்பை அரிக்கும் அழற்சிக்கு வழிவிடும். என்புருக்கத்துக்கு மருந்து உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் மறைத்தலாகாது.

செலவோ பெரிது. காணியை ஈடு வைப்பதற்கு முன் ஒன்றை அறிக. கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரண்டே ஆணிகளை ஊன்றி, கழற்றி மாட்டக்கூடிய கட்டுப்பல்லை அவற்றிற் பொருத்தலாம். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதோருக்கு இதுவே முதலிற் கருதத்தக்கது என 2002ஆம் ஆண்டு மொன்றியலிற் கூடிய வல்லுநர் அறிவித்தனர். செலவும் குறைவு, கழுவுவதும் எளிது. காப்பாற்றத்தக்க பற்களையும் முழு வரிசைக்காகப் பிடுங்கச் சொன்னால், வேறொரு பல் வைத்தியரின் கருத்தையும் கேட்பதே நன்று.

கொழும்பு 250 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. மூன்றாண்டு கழித்து ஒரு திருகு தளர்ந்தால் அதனை இறுக்குபவர் யார்? ஆணியின் உற்பத்தியாளர், வகை, பருமன் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் திருகு வேறு, சாவி வேறு. அக்குறிப்பு கையிலிருந்தால், அப்பயிற்சியுள்ள வேறொரு மருத்துவரும் உரிய சாவியைத் தேடிப் பெற்று வேலையை முடிக்க இயலும்.