கைமாறும் காகித மடிப்புகள்

மழை ஓய்ந்த மாலைப்பொழுதில் திருவனந்தபுரத்துத் தெருவோரம் ஓடும் நீரில் சிறுவர்கள் காகிதக் கப்பல் விடுவதைக் காணலாம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை அதைக் கப்பல் என்னும். அடுத்த வீட்டு மலையாளப் பிள்ளை கடலாசுத் தோணி என்னும். பெயர்தான் வேறு, மடிப்பு ஒன்றே. அதை அவர்கள் புத்தகத்தில் படித்துக் கற்றதில்லை. அண்ணனோ பாட்டியோ ஒருமுறை மடித்துக் காட்டியிருப்பார்கள். பார்த்த கண்ணிலிருந்து அது கைக்கு வந்துவிட்டது.

காகிதம் மலிவதற்கு முன்பே இம்மண்ணில் ஓலை இருந்தது. தென்னங்கீற்றைக் கிழித்து, மடித்து, பின்னிப் பந்து, காற்றாடி, ஊதல், பாம்பு எனப் பல விளையாட்டுப் பொருள்களைச் செய்தனர். வெற்று மிரட்டலை 'ஓலைப்பாம்பைக் காட்டி அச்சுறுத்துதல்' என்று மலையாளிகள் இன்றும் சொல்வதுண்டு. பழமொழியில் அந்தப் பாம்பு வாழ்கிறது. அதைப் பின்னத் தெரிந்த கைகள் இன்று எத்தனை வீடுகளில் உள்ளன? கையால் மட்டுமே கற்பிக்கப்படும் கலை, கற்பிக்கும் கை ஓய்ந்தால் தானும் ஓய்ந்துவிடுகிறது.

எழுதி வைத்த மடிப்பு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. அரசுப் பணியில் இருந்த டி. சுந்தர ராவ், காகித மடிப்பின் வழியே வடிவியலை விளக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். மழலையர் பள்ளிகளுக்கென வந்த வண்ணச் சதுரத் தாள்களே அவருக்குத் தூண்டுகோல். அளவுகோலும் கவராயமும் இன்றி, சதுரத் தாளை மடித்தே முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் ஆகியவற்றை உருவாக்கும் வழிகளை அவர் வரிசைப்படுத்தினார். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். கிளைனின் நூலை மொழிபெயர்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பெமனும் ஸ்மித்தும் அக்குறிப்பைக் கண்டு, சுந்தர ராவின் நூலைச் செப்பனிட்டு 1901இல் சிகாகோவில் பதிப்பித்தனர். சென்னையில் அச்சான மடிப்புகள் 8 ஆண்டுகளில் கடல் கடந்துவிட்டன.

ஜப்பானிய மொழியில் 'ஓரி' என்றால் மடித்தல். 'காமி' என்றால் தாள். ஓரிகாமி எனப்படும் அக்கலையை உலகப் பொதுவாக்கியதில் அகிரா யோஷிசாவாவுக்கு (1911–2005) பெரும் பங்குண்டு. புள்ளிகள், கோடுகள், அம்புக்குறிகள் ஆகியவற்றால் மடிப்பைக் குறிக்கும் முறையை 1954இல் வெளியான தம் நூலில் அவர் கையாண்டார். பிரிட்டனின் ராபர்ட் ஹார்பினும் அமெரிக்காவின் சாமுவேல் ராண்ட்லெட்டும் 1960களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினர். விட்டுவிட்டு வரையும் கோடு பள்ள மடிப்பு. கோடும் புள்ளியும் கலந்தது மேட்டு மடிப்பு. ஜப்பானிய மொழியில் ஓரெழுத்தும் அறியாதவரும் இக்குறிகளைப் பார்த்து மடிக்கலாம். ஆயினும் தாம் படைத்தவை ஐம்பதாயிரத்துக்கும் மேல் என யோஷிசாவாவே மதிப்பிட்டிருக்க, வரைபடமாக நூல்களில் இடம்பெற்றவை சில நூறுகளே. குறியீட்டைத் தந்தவரின் படைப்புகளிலும் பெரும்பகுதி பிறர் கைக்கு எட்டவில்லை.

இதை உணர்ந்தே மடிப்பாளர்கள் குழுக்களாகக் கூடுகின்றனர். நியூயார்க்கில் லில்லியன் ஓப்பன்ஹைமர் 1958இல் ஓரிகாமி மையத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் 1967இல் ஒரு சங்கம் தோன்றியது. மும்பையில் 'ஓரிகாமி மித்ரா' என்னும் குழு உண்டு. இத்தகைய கூட்டங்களில் சில நற்பழக்கங்கள் உண்டு. கற்பிப்பவர் பெரிய தாளை எடுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் கடைசி ஆள் வந்துசேரும்வரை காத்திருப்பார். தடுமாறுபவரின் தாளைப் பிடுங்கித் தாமே மடித்துத் தரமாட்டார். தம் தாளில் மீண்டும் செய்து காட்டுவார். பிறர் படைத்த உருவமாயின் படைத்தவரின் பெயரைச் சொல்லியே கற்பிப்பார். கப்பலைப் போன்ற மரபு மடிப்புகள் எல்லோருக்கும் உரியவை.

திருவனந்தபுரம் 1829 முதல் பொது நூலகம் இயங்கிவரும் நகரம். வாசகசாலையின் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் இருந்தால் மடிப்பாளர் வட்டம் தொடங்கிவிடலாம். செலவு என்று சொல்ல ஏதுமில்லை. முடிந்துபோன மாதத்தின் நாட்காட்டித் தாளே போதும். அதன் ஒரு மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்துச் சாய்வாக மடித்து, மிஞ்சும் பட்டையை வெட்டினால் சதுரம் கிடைக்கும். ஒருபுறம் அச்சும் மறுபுறம் வெண்மையும் இருப்பதால், எப்பக்கம் மேலே வரவேண்டும் என்பது தொடக்க நிலையினருக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொருவரும் ஒரு மடிப்பைக் கற்பித்து, இன்னொன்றைக் கற்றுச் செல்லலாம். கூட்டம் கலையுமுன் அன்றைய மடிப்புகளைப் படிப்படியாக ஒரு குறிப்பேட்டில் வரைந்து வைத்தல் நன்று. பணத்தைப் பிறருக்குக் கொடுத்தால் நம் கணக்கில் குறையும். மடிப்பைக் கொடுத்தால் இரு கைகளிலும் இருக்கும்.

உங்கள் தெருவில் ஓலைப்பாம்பு பின்னத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். முதல் கூட்டத்துக்கு அவரையே அழையுங்கள். அருகில் ஒரு சிறுவனையும், பென்சிலோடு ஒரு சிறுமியையும் அமர்த்துங்கள். அவர் மெல்லப் பின்னட்டும், அவன் பார்த்துச் செய்யட்டும், அவள் வரைந்துகொள்ளட்டும்.